சங்கத்துக்கு ஒரு காமிரா

ஆண்டு மலருக்கு அட்டைப்படம் ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோதுதான் நம் ஏழ்மை நமக்கே தெரிந்தது. தில்லியில் தமிழ் மாணவர் கூடிப் பொங்கல் கொண்டாடுவது நேற்று இன்று தொடங்கிய வழக்கமன்று. மேடையில் ஒருவர் பாட எழுந்தால் கீழே நூறு கைப்பேசிகள் எழுகின்றன. ஆனால், "சென்ற ஆண்டு எடுத்த படம் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் கிடைக்கும் விடை என்ன? "அது எம்.ஏ. முடித்துப் போனாரே, அவரிடம் இருந்தது." "என் பழைய கைப்பேசியில் இருந்தது. அது தண்ணீரில் விழுந்துவிட்டது." "வாட்சப்பில் வந்ததே, தேடிப் பாருங்கள்." தேடினோம். பல கை மாறித் தேய்ந்த காலணாவைப் போல இரண்டு படங்கள் அகப்பட்டன. மூக்கு எது, மைக் எது என்று தெரியவில்லை.

அட்டைப்படம் போனால் போகிறது. ஒரு கோலத்தை வரைந்து போட்டுவிடலாம். எனக்கு வருத்தம் வேறு. நம் விடுதிச் சமையற்கூடத்து அண்ணாச்சியை அறியாதவர் நம்மில் இல்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து பத்தொன்பது ஆண்டுகளாக இந்த ஊர்க் குளிரில் நமக்குச் சாம்பார் வைத்துப் போடுகிறவர். இந்தக் கோடையோடு ஊர் திரும்புகிறார். இத்தனை விழாக்களுக்குப் பொங்கல் கிண்டிய அந்த மனிதரின் முகம் தெளிவாக விழுந்த படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. எல்லாரும் மேடையையே எடுத்தோம். அவர் எப்போதும் பின்கட்டில், இருட்டில், ஆவிக்கு நடுவில் இருந்தார்.

ஆகவே செயற்குழு கூடி, சங்கத்துக்கென்று பொதுவாக ஒரு சிறிய டிஜிட்டல் காமிரா வாங்குவது, அதைக் காமிராவே தொட்டறியாத முதலாண்டு மாணவரும் கையாளும்படி இருக்கவேண்டும் என்று தீர்மானித்தது. இயற்பியல் படிக்கிறவள் என்பதற்காக, எது வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் படிப்பது திண்மப் பொருள்களின் இயற்பியல். படமெடுப்பதற்கும் எனக்கும் அதுவரை பெரிய உறவில்லை. ஒரு வகையில் இதுவும் நல்லதே. புதியவருக்கு வாங்கும் கருவியைப் புதியவரே சோதிப்பதுதானே முறை!

செலவைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். சங்கச் சந்தா ஆண்டுக்கு நூறு ரூபாய். ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் காமிரா வாங்கினால் அது தொண்ணூறு பேருடைய ஓராண்டுச் சந்தா. அந்தப் பணம் விழாவுக்கு மட்டும் செலவாவதில்லை. சென்ற நவம்பரில் தந்தைக்கு உடல்நலமில்லை என்று செய்தி வந்ததும், முதலாண்டு மாணவர் ஒருவரை அன்றிரவே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றி அனுப்பியது இந்த நிதிதான். சென்னைக்கு இங்கிருந்து இரண்டாயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல். காமிராவில் போட்ட பணம் அடுத்த நவம்பரில் பெட்டியில் இராது. ஆகவே இது விளையாட்டுக் காரியமன்று.

செயலாளர் அண்ணனும் நானும் ஒரு சனிக்கிழமை மெட்ரோவில் சாந்தினி சௌக் போய் இறங்கினோம். அங்கே குச்சா சௌத்ரி என்று ஒரு சந்து உண்டு. தலைநகரின் காமிரா வணிகமெல்லாம் அந்தச் சந்திலும் அதை ஒட்டிய மாடிகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. கடைக்காரர் ஒருவர், கையகல வெள்ளிநிறக் காமிரா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். 2014-இல் வெளிவந்த மாதிரி, ஒருவர் பயன்படுத்தியது. "இருபது மெகாபிக்சல்" என்றார். நாங்கள் எதைக் கேட்டாலும் அதற்கு விடை "இருபது மெகாபிக்சல்" என்பதாகவே இருந்தது. இருட்டில் எடுக்குமா? இருபது மெகாபிக்சல். தூரத்தில் இருப்பது தெரியுமா? இருபது மெகாபிக்சல். விலை ஒன்பதாயிரம்.

இந்த விலைக்குக் காரணம் உண்டு. உலகில் 2010-ஆம் ஆண்டில் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் காமிராக்கள் தொழிற்சாலைகளை விட்டு வெளியே சென்றன. அவற்றில் மிகப் பெரும்பகுதி இத்தகைய சட்டைப்பைக் காமிராக்கள். கைப்பேசி வந்து அந்தச் சந்தையைத் தின்றுவிட்டது. 2023-இல் சட்டைப்பைக் காமிராக்கள் 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. செய்வது குறைந்தது; அதற்குள் பழைய காமிராக்களைத் தேடிப்பிடித்துப் படமெடுக்கும் மோகம் இளைஞரிடையே கிளம்பிவிட்டது. அலமாரியில் கிடந்ததெல்லாம் பொன்னாயிற்று.

செயலாளர் அண்ணன் பையில் கைவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஏனெனில், அதே மாதிரிக் காமிரா கரோல்பாக்கில் எங்கள் சித்தி வீட்டு அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் தூங்குவது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று மாலையே போய்க் கேட்டேன். "ஏண்டி, கையிலே இவ்வளவு பெரிய போனை வெச்சுக்கிட்டு அந்தப் பெட்டி எதுக்கு உனக்கு?" என்றார் சித்தி. எதற்கு என்று பார்க்கத்தான் கேட்கிறேன் என்றேன். மூன்று வாரம் அதை வைத்துக்கொண்டு நான் கண்டறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன். காமிரா எந்த நிறுவனத்தினுடையது என்று சொல்லப்போவதில்லை. இந்த விலைக்குக் கிடைக்கும் சிறு காமிராக்கள் பெரும்பாலும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்றின் குணம் ஏறக்குறைய மற்றதற்கும் பொருந்தும்.

துவரம்பருப்பும் இருபது மெகாபிக்சலும்

பிலிம் இல்லாமல் படமெடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு வித்திட்டது, 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் உருவாக்கிய ஒரு சிலிக்கன் சில்லு. அதன்மேல் ஒளி விழுந்தால் எலெக்ட்ரான்கள் விடுபடும். விழுந்த ஒளி எவ்வளவோ அவ்வளவு எலெக்ட்ரான்கள். அவற்றைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துவைத்து, வரிசையில் நிற்பவர்கள் வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றுவதுபோல ஓரத்துக்குக் கொண்டுவந்து எண்ணிவிடலாம். 2009-இல் இதற்காக அவ்விருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1975-இல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் ஸாஸன் அத்தகைய சில்லை வைத்துக் கையில் தூக்கிச் செல்லக்கூடிய காமிரா ஒன்றைக் கட்டினார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். படத்தில் மொத்தம் பத்தாயிரம் புள்ளிகள். ஒரு படத்தை டேப்பில் பதிய 23 விநாடி ஆயிற்று. சித்தியின் காமிராவில் புள்ளிகள் இரண்டு கோடி. எடை ஒரு பெரிய கொய்யாப்பழத்தின் அளவு.

இந்தப் புள்ளிகளைத்தான் பிக்சல் என்கிறோம். பத்து லட்சம் பிக்சல் ஒரு மெகாபிக்சல். இரண்டு கோடி என்றதும் மலைப்பு உண்டாகிறது. ஆனால் கடைக்காரர் சொல்லாத இன்னொரு கணக்கு உண்டு. அந்த இரண்டு கோடியும் குடியிருக்கும் சில்லின் பரப்பு எவ்வளவு? ஆறு மில்லிமீட்டர் நீளம், நாலரை மில்லிமீட்டர் அகலம். ஏறக்குறைய ஒரு துவரம்பருப்பு! பழைய 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படம் 36-க்கு 24 மில்லிமீட்டர். நம் சில்லைப்போல் முப்பது மடங்கு பரப்பு. துவரம்பருப்பின்மேல் இரண்டு கோடிப் பேரைக் குடியேற்றினால் ஒருவருக்குக் கிடைக்கும் மனை, பக்கத்துக்கு 1.2 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று? மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு பால் சங்கையும் ஓர் அண்டாவையும் வையுங்கள். அடைமழையில் இரண்டுமே நிரம்பும், குறையொன்றுமில்லை. தூறலில் பாருங்கள். அண்டாவில் ஆயிரக்கணக்கில் துளிகள் விழும்; அடுத்தடுத்து வைத்த இரண்டு அண்டாக்களில் விழுந்த துளிகளை எண்ணினால் பெரிய வேற்றுமை இராது. சங்கிலோ ஒன்றில் ஐந்து துளி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் எட்டு என்று தாறுமாறாக விழும். ஒளியும் துளித்துளியாகவே வருகிறது. சராசரியாக நூறு துளி விழவேண்டிய இடத்தில் பத்து கூடலாம், குறையலாம். அதாவது நூற்றுக்குப் பத்துப் பிழை. பத்தாயிரம் துளி விழும் இடத்திலோ பிழை நூறுதான், நூற்றுக்கு ஒன்று. சீராக இருக்கவேண்டிய சுவர் இருட்டில் எடுத்த படத்தில் ரவை தூவியதுபோல் பொரிப்பொரியாகத் தெரிவதற்கு இதுவே காரணம். காமிரா செய்தவர் கைத்திறம் குறைவு என்பதில்லை. இது ஒளியின் இயல்பு. சிறு மனையில் குடியிருப்பவனுக்குத் தூறலில் தண்ணீர் போதாது, அவ்வளவுதான்.

வெளிச்சம் போதுமானபோதாவது இரண்டு கோடியும் பயன்படுகின்றனவா? அதுவுமில்லை. நட்சத்திரத்தைப் போன்ற ஒரு புள்ளியை எவ்வளவு சிறந்த லென்ஸ் கொண்டு குவித்தாலும் அது புள்ளியாக விழாது. சிறு வட்டமாகவே விழும். இதை 1835-இல் கணக்கிட்டவர் ஏரி என்னும் ஆங்கில வானியலார் (பெயரைக் கண்டு நீர்நிலை என்று எண்ணவேண்டாம்). லென்ஸின் துளை குறுகக் குறுக அந்த வட்டம் பெரிதாகும். சித்தியின் காமிராவில் ஜூமை முழுவதும் நீட்டினால் துளை எண் 6.3. பச்சை ஒளிக்கு அப்போது வட்டத்தின் விட்டம் எட்டரை மைக்ரான். நம் மனையோ 1.2 மைக்ரான். ஒரே ஒளிவட்டம் நாற்பது வீடுகளின்மேல் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறது! நாற்பது பேரும் சொல்லப்போவது ஒரே செய்தி. பிறகு நாற்பது பேர் எதற்கு?

கணக்கை நம்பாதவர்களுக்காக ஒரு சோதனையும் செய்தேன். விடுதி வாசலில் இருக்கும் வேப்பமரத்தை இருபது மெகாபிக்சலில் ஒன்று, ஐந்து மெகாபிக்சலில் ஒன்று என்று எடுத்து, கமலா நகரில் ஆறங்குலத்துக்கு நாலங்குலம் அச்சிட்டு வாங்கிவந்து, எது எது என்று பத்துத் தோழியரைக் கேட்டேன். சரியாகச் சொன்னவர் ஐவர். தவறாகச் சொன்னவர் ஐவர். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதே விடைதான். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்கிட்டால், அந்த அளவு அச்சுக்கு வேண்டிய புள்ளிகள் 21 லட்சத்து 60 ஆயிரமே. நம் மலரின் முழுப் பக்கத்துக்கும் ஒரு கோடிக்குள் அடங்கிவிடும்.

ஆகையால் காமிரா வாங்கப் போகிறவர்கள் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிடுங்கள். லென்ஸைச் சுற்றிப் பொடி எழுத்தில் ஓர் எண் பொறித்திருக்கும், அதைப் படியுங்கள். சித்தியின் காமிராவில் 3.3-6.3 என்று இருந்தது. முதல் எண் அகலப் பார்வைக்கு. இரண்டாவது ஜூமை முழுவதும் நீட்டியபின். எண் சிறிதானால் துளை பெரிது. 3.3-இலிருந்து 6.3-க்குப் போனால் உள்ளே வரும் ஒளி கால் பங்கை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. இந்தக் காமிராவின் நன்மை தீமை இரண்டும் ஏறக்குறைய அந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

ரிட்ஜிலும் மண்டபத்திலும்

முதலில் நன்மையைச் சொல்கிறேன். டிசம்பர் மாத நண்பகல் ஒன்றில், பல்கலைக்கழகத்தை அடுத்த ரிட்ஜ் காட்டுக்குள் கொடிக்கம்பக் கோபுரம்வரை நடந்தேன். நல்ல வெயில். மதில்மேல் ஒரு மயில். கிட்டப் போனால் பறந்துவிடும் என்பதால் நின்ற இடத்திலிருந்தே ஜூமை நீட்டினேன். எட்டு மடங்கு, லென்ஸே நகர்ந்து உண்மையாகப் பெரிதாக்கும் ஜூம். என் கைப்பேசியால் அதே மயிலை எடுத்துப் பெரிதாக்கினேன். அதில் நீலநிறத் துணி ஒன்று காய்வதுபோல் இருந்தது. காமிராப் படத்திலோ கொண்டை இறகுகளை எண்ண முடிந்தது. விலையுயர்ந்த கைப்பேசிகளில் தொலைநோக்கு லென்ஸ் தனியாக உண்டு. நம்மில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது? அடைமழை போன்ற வெளிச்சத்தில் துவரம்பருப்பும் நிறைந்துவிடுகிறது என்பதற்கு அந்த மயில் சாட்சி. ஒரு குறிப்பு: எட்டு மடங்கைத் தாண்டியும் சில காமிராக்கள் 'டிஜிட்டல் ஜூம்' என்று நீட்டிக்கொண்டே போகும். அது எடுத்த படத்தை வெட்டி இழுப்பது. தோசைமாவில் தண்ணீர் ஊற்றுகிற கதை. முதல் நாளே அதை அணைத்துவிடுங்கள்.

இனி மறுபக்கம். நம் விழா நடக்கும் மண்டபத்தில் ஒரு மாலை ஒத்திகை நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஜூமை நீட்டி, மேடையில் ஆடிய தோழியரை எடுத்தேன். குழல்விளக்கு வெளிச்சம், துளையோ 6.3. போதிய ஒளி சேர்க்க ஷட்டர் 1/12 விநாடி திறந்திருக்கவேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் ஆடுகிறவரின் கை ஒரு முழம் நகர்ந்துவிடும். விளைவு: நான்கு பெண்கள் ஆடினார்கள், படத்தில் நான்கு புகைச்சுருள்கள் ஆடின. நம் கைநடுக்கத்தைச் சரிக்கட்டும் பொறி இந்தக் காமிராவில் இருக்கிறது. நன்றாகவே வேலை செய்கிறது. தூண்கள் தெளிவாக விழுந்திருந்தன. ஆனால் எதிரில் ஆடுகிறவரை அசையாமல் நிற்கவைக்கும் பொறியை இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பிளாஷ் போட்டால் ஆகாதா என்பீர்கள். இதன் பிளாஷ் மூன்று மீட்டர் வரைக்கும் ஒழுங்காக எட்டும். மேடை பன்னிரண்டு மீட்டர். தூரம் நான்கு மடங்கானால் ஒளி பதினாறில் ஒரு பங்காகும் என்பது பள்ளியில் படித்ததுதான். பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் முன்வரிசைக்காரர்களின் பிடரிகள் பளிச்சென்று விழுந்தன. மேடை இருண்ட கண்டமாயிற்று. அதே இடத்தில் செயலாளர் அண்ணன் தம் கைப்பேசியால் எடுத்த படம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. மறைப்பானேன்? இன்றைய கைப்பேசி லென்ஸின் துளை எண் 1.8-ஐ ஒட்டி இருக்கும். இந்தக் காமிராவின் அகலப் பார்வையோடு ஒப்பிட்டாலும் மூன்று மடங்குக்கு மேல் ஒளி. அத்துடன் அது நமக்குச் சொல்லாமலே பல படங்களை அடுக்காக எடுத்து ஒன்றாக்கிவிடுகிறது. ஒன்பது படங்களைச் சேர்த்தால் பொரிப்பொரி மூன்றில் ஒன்றாகக் குறையும்.

நிற்க. புதியவர் இந்தக் காமிராவைத் திட்டுவதற்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் இருக்கும். பொத்தானை அமுக்கினால் படம் உடனே விழுவதில்லை. அதற்குள் மயில் போய்விடுகிறது. எனக்கும் முதல் வாரம் இதே எரிச்சல். மடிக்கணினித் திரையில் நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டு, ஐந்தாவது விநாடியில் அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். படத்தில் ஏறக்குறைய ஐந்தரை என்று விழுந்தது. பிறகு சித்தி எங்கிருந்தோ கையேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதன் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது: பொத்தானுக்கு இரண்டு படிகள். பாதி அமுக்கினால் காமிரா தூரத்தை அளந்து லென்ஸைப் பொருத்திக்கொள்ளும். பச்சைச் சதுரம் தோன்றும். விரலை எடுக்காமல் காத்திருந்து, வேளை வந்ததும் மீதியை அமுக்கவேண்டும். அப்படிச் செய்தபோது தாமதம், என் விரலுடைய தாமதத்திலிருந்து பிரித்தறிய முடியாதபடி குறைந்துவிட்டது. அரை விநாடி வீணானதெல்லாம் நான் கையேடு படிக்காத குற்றம்.

இன்னொன்று வேட்டி. நம் செயற்குழுவினர் வெள்ளை வேட்டி சட்டையில் வரிசையாக நின்றபோது எடுத்த படத்தில் அவ்வளவு பேரும் ஒரு மாதம் துவைக்காத வேட்டி கட்டியவர்கள்போல் காணப்பட்டார்கள். காமிராவுக்கு வேட்டியும் தெரியாது, நிலக்கரியும் தெரியாது. எதிரில் இருப்பதெல்லாம் சராசரியாகச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு ஒளியை அளக்கிறது. வெள்ளை மிகுந்தால், "ஒளி அதிகம்" என்று குறைத்துவிடும். தில்லியின் ஜனவரி மூடுபனி படத்தில் அழுக்குப் பஞ்சாக விழுவதும் இதனால்தான். கூட்டல் கழித்தல் குறியிட்ட ஓர் அமைப்பு எல்லாக் காமிராவிலும் இருக்கும். வேட்டிக்கும் கோலத்துக்கும் பனிக்கும் அதைக் கூட்டல் ஒன்றில் வையுங்கள். வெள்ளை வெள்ளையாகும்.

பாட்டரியைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. பத்தாண்டு தூங்கிய பாட்டரி நாற்பது படத்துக்குமேல் தாங்கவில்லை, வேறு வாங்கினோம். பழைய காமிரா வாங்குகிறவர்கள், அதற்குரிய பாட்டரி இன்னும் கிடைக்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் சாதாரணப் பாட்டரியில் ஓடும் காமிராவாக இருந்தால் விடுதிக்கு மெத்தவும் நல்லது.

பொங்கலன்று

விழா ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குச் சமையற்கூடத்துக்குப் போனேன். அண்ணாச்சி பெரிய உருளியில் கிண்டிக்கொண்டிருந்தார். கை பழக்கத்தில் பிளாஷ் போட்டு ஒன்று எடுத்தேன். படத்தில் அண்ணாச்சியைக் காணோம். வெள்ளைத் திரை ஒன்று தொங்கிற்று. ஆவி! குளிர்காலத்தில் உருளியிலிருந்து எழும் ஆவித்துளிகள் எனக்கும் அவருக்கும் இடையில் நின்று, பிளாஷ் ஒளியை என் பக்கமே திருப்பிவிட்டன. மூடுபனியில் வண்டி விளக்கைப் பெரிதாக எரித்தால் எதிரே ஒன்றும் தெரியாதே, அந்தக் கதை. பிளாஷை அணைத்துவிட்டு எடுத்தேன். இருட்டும் பொரியுமாக விழுந்தது.

பத்தொன்பது ஆண்டுகள் இவர் படம் ஏன் விழவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. மூன்று வாரம் கணக்குப் போட்டதற்கு இப்போதாவது பலன் வேண்டாமா? ஒளி போதாது என்றால் செய்யக்கூடியவை மூன்றே: ஒளி இருக்குமிடத்துக்கு ஆளைக் கொண்டுவரலாம், துளையைப் பெரிதாக்கலாம், ஷட்டரை நெடுநேரம் திறந்துவைக்கலாம். "அண்ணாச்சி, அந்தச் சின்ன உருளியைக் கதவோரம் வச்சுக் கிண்டுவீங்களா?" என்று கேட்டேன். "எதுக்கு பாப்பா? இங்கே என்ன குறைச்சல்?" என்றாலும், நகர்ந்து வந்தார். கிழக்குக் கதவு வழியாக இளவெயில் ஒரு பக்கமாக முகத்தில் விழுந்தது. ஜூமை நீட்டாமல், துளை 3.3-இலேயே இருக்கும்படி நானே கிட்டப் போனேன். ஒளிநுட்ப எண்ணை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, காமிராவின் விருப்பத்துக்கு விடாமல் 400-இல் நிறுத்தினேன். அரிசி மூட்டையின்மேல் காமிராவை வைத்து, என் விரல்கூடப் படாமல் இரண்டு விநாடி தானியங்கியில் ஓடவிட்டேன். ஷட்டர் 1/15 விநாடி.

ஆறு படங்களில் நான்காவது சரியாக வந்தது. நரைத்த புருவம், நெற்றியில் வேர்வை, தோளில் துண்டு, சுவரில் மாட்டிய முருகன் காலண்டர் எல்லாம் தெளிவு. கரண்டி பிடித்த வலக்கை மட்டும் ஒரு சிறு சுழியாகக் கலங்கியிருந்தது. திரையில் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "கை மட்டும் ஆடிருச்சே பாப்பா" என்றார். பிறகு, "ஊருக்கு ஒண்ணு அனுப்பணும், பெரிசாப் போட்டுத் தா" என்றார்.

அதே கதவோரத்தில் தோழர் ஒருவர் கைப்பேசியாலும் எடுத்தார். உண்மையைச் சொன்னால் அது இன்னும் தெளிவு, கைகூட ஆடவில்லை. மலருக்கு அதைத்தான் போட எண்ணினோம். மூன்று வாரம் கழித்துக் கேட்டால், அவர் கைப்பேசியில் பதினோராயிரம் படங்கள் இருக்கின்றன. இடம் போதவில்லை என்று சிலவற்றை அழித்தாராம். அழித்தவற்றில் அதுவும் போயிற்றா, வேறெங்காவது கிடக்கிறதா என்று இன்றுவரை தேடுகிறார். வாட்சப்பில் அவர் அனுப்பியிருந்த பிரதியோ சுருங்கிப்போய் அச்சுக்கு உதவவில்லை. காமிராப் படம், அட்டை எங்கிருந்ததோ அங்கேயே இருந்தது. நீங்கள் இந்த மலரின் அட்டையில் காண்பது அதுதான்.

செயற்குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த பரிந்துரை இது: ஒன்பதாயிரம் ரூபாய்க்கு அந்தக் காமிராவை வாங்க வேண்டாம். மேடை நிகழ்ச்சிக்கு, நல்ல கைப்பேசி வைத்திருக்கும் இருவரை முன்வரிசையில் உட்காரவைப்பதே மேல். வெயிலில் நடக்கும் விளையாட்டு விழா, சுற்றுலா, தொலைவிலிருந்து எடுப்பது, படமெடுக்கக் கற்றுக்கொள்வது ஆகிய நான்குக்கும் சிறு காமிரா போதும். அதற்கு இரவல் காமிராவே போதும். யார் எதனால் எடுத்தாலும், விழா முடிந்த அன்றிரவே படங்களைச் சுருக்காமல் சங்கத்தின் வன்தட்டு ஒன்றில் ஏற்றிவிடவேண்டும். காமிராவைவிட நமக்கு முதலில் வேண்டியது அந்த வன்தட்டும், அதற்குப் பொறுப்பான ஒருவரும்.

கற்றுக்கொள்வது என்றேன், அதைப்பற்றி ஒரு வார்த்தை. கைப்பேசி நம் பிழைகளையெல்லாம் தானே திருத்தி அழகாகக் காட்டிவிடுகிறது. எங்கே பிழைத்தோம் என்பதே தெரிவதில்லை. சித்தியின் காமிராவோ கண்டிப்பான கணக்கு வாத்தியார். ஒளி போதவில்லை என்றால் பொரியாகக் காட்டும். கை ஆடினால் ஆடியதாகவே காட்டும். மூன்று வாரத்தில் நான் ஒளியைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இப்போதெல்லாம் வகுப்பறைக்குள் நுழைந்ததும் சன்னல் எந்தப் பக்கம் என்று கண் தேடுகிறது.

குழு என் பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. செலவு, வன்தட்டுக்கும் ஒரு பாட்டரிக்கும் மட்டும். சித்தியிடம் காமிராவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அண்ணாச்சி படத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பரீட்சை முடியற வரைக்கும் நீயே வெச்சுக்கோ. கீழே மட்டும் போட்டுடாதே" என்றார். ஆகவே அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பழக விரும்பும் முதலாண்டு மாணவ மாணவியர் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வெயில் இருந்தால், நூலகப் படிக்கட்டுக்கு வாருங்கள். பாட்டரியை முந்தின இரவே சார்ஜ் போட்டு வைத்துவிடுகிறேன்.